கையில் கட்டும் பெயர்: மின்னியல் அடையாளப் பட்டையும் அதைக் கட்டும் இயந்திரமும்

மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒருவருக்கு மருந்துக்கும் ஊசிக்கும் முன்பாகவே கிடைப்பது ஒன்று உண்டு. மணிக்கட்டில் கட்டப்படும் ஒரு மெல்லிய பட்டைதான் அது. நீர் விளையாட்டுப் பூங்காவிற்குச் செல்பவருக்கும், பெரிய இசை நிகழ்ச்சிக்குச் செல்பவருக்கும் நுழைவாயிலில் அதே போன்ற ஒரு பட்டை கட்டப்படுகிறது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் இளஞ்சிவப்பு நிறப் பட்டையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சிலர் அணிந்தும் இருக்கிறோம்.

இப்பட்டைகளில் பல இன்று வெறும் தாளாகவோ நெகிழியாகவோ மட்டும் இருப்பதில்லை. உள்ளே ஒரு சிறு சில்லு இருக்கிறது. பெயரை அச்சிட்டு, சில்லில் எண்ணைப் பதிந்து, பட்டையை வெளியே தள்ளும் இயந்திரங்கள் பயன்பாட்டில் உள்ளன. அதற்கும் ஒரு படி மேலே சென்று, நீட்டிய கையைச் சுற்றிப் பட்டையை வளைத்துப் பூட்டிவிடும் இயந்திரங்களையும் பொறியியலாளர்கள் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒரு பட்டையைக் கட்டுவதற்குக் கூடவா இயந்திரம் வேண்டும்? தாலியையே மூன்று முடிச்சில் கட்டிவிடுகிறோமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் நுட்பமான கட்டம் சில்லு செய்வதன்று, கட்டுவதுதான். சில்லு தன் எண்ணைச் சொல்லும். தன்னை யார் அணிந்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. இந்த எண் இன்னாருக்கு உரியது என்று உறுதியாவது பட்டை கட்டப்படும் அந்த ஒரு நொடியில்தான். அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் மட்டும் போதாதா?

தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்களுக்கு இக்கேள்விக்கு விடை தெரியும். ஒரே வகுப்பில் இரண்டு கவிதா, மூன்று சரவணன் இருப்பது நமக்குப் புதிதன்று. ஆசிரியர் 'பெரிய கவிதா', 'சின்னக் கவிதா' என்று பிரித்துக்கொள்வார். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர்தான் நம்மை வேறுபடுத்துகிறது. மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்ற சொற்களுக்குப் பின்னால் அப்பெயர் வரும். சிங்கப்பூரில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே வருவதும் உண்டு. ஒரே தோட்டத்திலிருந்து வந்த, ஏறக்குறைய ஒரே வயதுடைய, ஒரே பெயர் கொண்ட இரண்டு முதியவர்கள் ஒரே மருத்துவமனைக் கூடத்தில் படுத்திருந்தால், பெயரை மட்டும் நம்பி மருந்து கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் அடையாள அட்டையில் இருக்கும் 12 இலக்க எண் இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இருவருக்கு ஒரே எண் அமையாது. ஆனால் அடையாள அட்டை பணப்பையில் இருக்கும். மயங்கிய நிலையில் கொண்டுவரப்படும் நோயாளியின் பணப்பை எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவேதான் அடையாளம் உடலோடு சேர்ந்தே இருக்க வேண்டியதாயிற்று.

இத்தேவை புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு எழுத்துகள் பொறித்த சிறு மணிகளைக் கோத்துக் கட்டினார்கள். நீல மணிகளுக்கு நடுவே குடும்பப் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை மணியாக இருக்கும். கோத்து முடித்தபின் நூலின் முனைகளை ஒரு சிறு ஈயக் குண்டு வைத்து நசுக்கிவிடுவார்கள். அதன்பின் வெட்டினாலொழிய அதைக் கழற்ற முடியாது. இன்றைய மின்னியல் பட்டையின் முழுத் தத்துவமும் அந்த ஈயக் குண்டில் அடங்கியிருக்கிறது எனலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டு நோயாளிகளின் பாதுகாப்புக்கான ஒன்பது தீர்வுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது. குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், அறை எண்ணை அதற்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் அது வலியுறுத்தியது. பிரிட்டனில் 2003 நவம்பர் முதல் 2005 ஜூலை வரை, பட்டை இல்லாததாலோ பட்டையில் தவறான விவரம் இருந்ததாலோ ஏற்பட்டவையும் ஏற்படவிருந்தவையுமாக 236 சம்பவங்கள் பதிவாகின என்று அந்த ஆவணமே குறிப்பிடுகிறது. இச்சம்பவங்களின் வேர் பட்டையைக் கட்டும் இடத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பட்டைக்குள் இருப்பது என்ன?

மின்னியல் பட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் கிடையாது. மின்கலம் இல்லாமல் ஒரு சில்லு எப்படி இயங்குகிறது என்பதுதான் இதன் அழகு.

பட்டைக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதன் முனைகள் மணலளவே உள்ள ஒரு சில்லோடு இணைக்கப்பட்டிருக்கும். பட்டையைப் படிக்கும் கருவிக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் மாறும் மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உருவாகிறது. அப்புலத்திற்குள் பட்டை வந்ததும் அதன் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்ற விதி இதுவே. நாம் இடைநிலைப்பள்ளி இயற்பியல் பாடத்தில் படித்ததுதான். அந்தச் சிறிதளவு மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தன் சுருளின் சுமையை வேகமாகக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. படிப்புக் கருவி அந்த ஏற்ற இறக்கத்தை உணர்ந்து, அதை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. பட்டையை அகற்றியவுடன் சில்லு மறுபடியும் உறங்கிவிடும். இம்முறைக்கு வானலை அடையாள முறை என்று பெயர். ஆர்எஃப்ஐடி என்ற சுருக்கப் பெயரால் பலரும் அறிவர்.

இது நமக்கு ஏற்கெனவே பழக்கமானதே. 1997-இல் அறிமுகமான டச் அண்ட் கோ அட்டை இதே முறையில்தான் இயங்குகிறது. அது பயன்படுத்தும் அலைவரிசை 13.56 மெகாஹெர்ட்ஸ். சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் காட்டினால்தான் வேலை செய்யும். 2022 ஜனவரியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஆர்எஃப்ஐடி சாலைக் கட்டண முறை அதனினும் வேறு வகை. காரில் ஒட்டப்படும் அந்த வில்லை மிகை அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்துவதால் பல மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கப்படுகிறது.

அப்படியானால் மணிக்கட்டுக்கும் தொலைவிலிருந்தே படிக்கும் வகையைப் பயன்படுத்தலாமே? இங்கேதான் மனித உடல் குறுக்கிடுகிறது. நம் உடலில் பாதிக்கும் மேல் நீர். அந்த மிகை அதிர்வெண் அலைகளை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. தோலோடு ஒட்டிக் கட்டிய பட்டை எளிதில் 'ஊமை'யாகிவிடும். 13.56 மெகாஹெர்ட்ஸ் முறை நெருக்கத்தில் காந்தப்புலத்தால் இயங்குவதால் உடலின் நீர் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவே மணிக்கட்டுப் பட்டைகளில் இந்த வகையையே மிகுதியாகக் காண்கிறோம். தொலைவிலிருந்து படிக்க முடியாத குறையில் ஒரு நன்மையும் உண்டு. அணிந்தவர் அறியாமல் கூட்டத்தில் யாரோ ஒருவர் அதைப் படித்துவிடுவது கடினம்.

சில்லுக்குள் பொதுவாக நோயாளியின் முழு வரலாறும் இருக்காது. ஓர் எண் மட்டுமே இருக்கும். நான்கு பைட் நீளமுள்ள எண்ணானால் சுமார் 4.29 பில்லியன் வெவ்வேறு எண்களுக்கு இடமுண்டு. ஏழு பைட் எண்களும் இன்று பரவலாக உள்ளன. பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, செலுத்திய கட்டணம் முதலிய விவரங்கள் யாவும் கணினியின் தரவுத்தளத்தில் இருக்கும். எண் ஒரு சாவி போன்றது. சாவியைத் தவறான கையில் கொடுத்துவிட்டால் பூட்டு மறுப்புச் சொல்லாது என்பதையும் மறக்கலாகாது.

வழங்கும் இயந்திரம்

பட்டையை வழங்கும் இயந்திரத்தின் பணியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, வந்திருப்பவர் யார் என்று அறிதல். அடையாள அட்டையின் சில்லையோ, முன்பதிவுச் சீட்டின் பட்டைக்குறியையோ இயந்திரம் படிக்கிறது. 2001-இல் நம் நாட்டில் அறிமுகமான மைகாட் சில்லுள்ள அட்டை என்பதால் இத்தகைய இயந்திரங்களுக்கு ஏற்றது.

இரண்டாவது, ஒரு பட்டையை மட்டும் பிரித்தெடுத்தல். பட்டைகள் நீண்ட சுருளாகவோ அடுக்காகவோ உள்ளே இருக்கும். மோட்டார் ஒன்று சுருளைச் சிறிது சிறிதாக நகர்த்தும். எங்கே ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைப் பட்டைகளுக்கு இடையிலுள்ள துளை அல்லது கறுப்புக் கோட்டை வைத்து ஒளி உணர்கருவி கண்டுகொள்ளும்.

மூன்றாவது, சில்லில் பதிதல். இது எளிது போலத் தோன்றினாலும் இடர்ப்பாடு உடையது. சுருளில் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான சில்லுகள் உள்ளன. காந்தப்புலம் சற்றே பரவினாலும் பக்கத்துப் பட்டையும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். அப்படியானால் முருகையாவின் எண் அடுத்து வரும் மாரியம்மாவின் பட்டையில் பதிந்துவிடக்கூடும். இதைத் தவிர்க்க எழுதும் ஆண்டெனாவைச் சிறியதாக வைத்து, சுற்றிலும் உலோகத் தடுப்பு அமைத்து, ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் புலத்திற்குள் வருமாறு செய்கிறார்கள்.

நான்காவது, அச்சிடுதல். மருத்துவமனைப் பட்டைகளில் பெரும்பாலும் வெப்ப அச்சு முறையே பயன்படுகிறது. மை கிடையாது. சூடுபட்டால் கறுக்கும் பூச்சு பட்டையின் மேல் இருக்கும். பேரங்காடி ரசீதிலும் இம்முறைதான். ஆனால் பட்டை பல நாள்கள் நீர், சோப்பு, கிருமிநாசினி ஆகியவற்றைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் இடப்படுகிறது. மனிதக் கண்ணால் படிக்கக்கூடிய பெயரை அச்சிடுவது இன்றியமையாதது. மின்சாரம் தடைப்பட்டாலும் தாதியின் கண் தடைப்படாது அல்லவா?

ஐந்தாவது, சரிபார்த்தல். எழுதியதை இயந்திரமே மீண்டும் படித்துப் பார்க்கும். சில்லு பழுதாக இருந்தால் அப்பட்டையின் மேல் செல்லாது என்று அச்சிட்டு ஒதுக்கிவிட்டு, அடுத்ததை எடுக்கும். பழுதான பட்டை வெளியே போகாதது ஒரு வெற்றி. ஆனால் இதுவரை நடந்த சோதனை பட்டைக்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மனிதர் இன்னும் இக்கதைக்குள் வரவில்லை.

கட்டும் இயந்திரம்

வழங்கும் இயந்திரத்திலிருந்து பட்டை வெளியே விழுவதற்கும், அது ஒரு கையில் பூட்டப்படுவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. சில நொடிகள் ஆகலாம். பரபரப்பான முகப்பில் பல நிமிடங்களும் ஆகலாம். மேசையில் இரண்டு மூன்று பட்டைகள் சேர்ந்துவிட்டால் எது யாருடையது என்று கலந்துவிடும். வழங்குவதையும் கட்டுவதையும் ஒரே இயந்திரத்தில் சேர்ப்பவர்களின் முதல் குறிக்கோள் இந்த இடைவெளியை மூடுவதுதான். அட்டையைக் காட்டிய அதே ஆள், அதே இடத்தில், அதே கையை நீட்டிய நிலையிலேயே பட்டை பூட்டப்பட வேண்டும்.

இதற்குப் பட்டையைப் பூட்டும் முறைகளைத் தெரிந்துகொள்வது அவசியம். முதலாவது ஒட்டும் முறை. பட்டையின் முனையில் பசை இருக்கும்; அருகே சிறு சிறு கீறல்கள் இருக்கும். உரிக்க முயன்றால் கீறல்களின் வழியே பட்டை கிழிந்துபோகும். காரின் ஆர்எஃப்ஐடி வில்லையை உரித்தால் பழுதாகிவிடுவதும் இதே நோக்கத்தால்தான். இரண்டாவது, ஒருவழிப் பூட்டு. நெகிழிப் பித்தான் ஒரு துளைக்குள் சொடுக்கிக்கொண்டு நுழையும், திரும்பி வராது. இசை விழாக்களில் தரப்படும் துணிப் பட்டையில் பற்கள் கொண்ட ஒரு சிறு நெகிழிக் குழல் இருக்கும். அது இறுகும் திசையில் மட்டுமே நகரும். மூன்றாவது, நெகிழியை உருக்கி ஒட்டுவது. இது உறுதியானது; ஆயினும் தோலருகே வெப்பம் என்பதால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

இயந்திரம் கட்டும்போது, பயனர் தம் கையை ஒரு திறப்புக்குள் நீட்டுவார். கை சரியான இடத்திற்கு வந்துவிட்டதா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றை காட்டிக்கொடுக்கும். கற்றை மறிக்கப்பட்டால் கை உள்ளே இருக்கிறது என்று பொருள். அதன்பின் வளைந்த வழிகாட்டித் தடம் ஒன்றின் வழியே பட்டை மணிக்கட்டைச் சுற்றி வரும். முனைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்ததும் அழுத்தும் பகுதி அவற்றைச் சேர்த்துப் பூட்டும். பூட்டிய மறுநொடியே படிப்புக் கருவி சில்லைக் கடைசி முறையாகப் படித்து, 'இந்த எண் இந்த நேரத்தில் பூட்டப்பட்டது' என்று பதிவு செய்யும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் மனிதரின் மணிக்கட்டு தொழிற்சாலைப் பொருளன்று. எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்காது. குழந்தையின் மணிக்கட்டு வேறு, உணவகத்தில் நாள்முழுதும் பரோட்டா வீசும் அண்ணனின் மணிக்கட்டு வேறு. மிகவும் இறுக்கினால் இரத்த ஓட்டம் பாதிக்கப்படும். ஊசி மருந்து ஏற்றப்பட்ட கை சில மணி நேரத்தில் வீங்கவும் கூடும். மிகவும் தளர்த்தினால் பட்டை கையை விட்டு நழுவிவிடும். கையால் கட்டும் தாதி பட்டைக்கும் தோலுக்கும் இடையே தம் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். அந்த ஒரு விரலின் அறிவை இயந்திரத்திற்குக் கற்றுக்கொடுப்பதே வடிவமைப்பாளரின் பெரிய சவால். மோட்டாரின் விசைக்கு வரம்பு வைக்க வேண்டும். கையைச் சட்டென்று இழுத்தால் உடனே விடுவிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கை உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடாது. நடுங்கும் கை, மருந்து ஏற்றும் குழாய் பொருத்திய கை, கட்டுப்போட்ட கை, கையே இல்லாதவர் என்று வருவோருக்கெல்லாம் மாற்றுவழி இருக்க வேண்டும். இக்காரணங்களால் நோய்வாய்ப்பட்டவருக்கு மனிதக் கையே இன்றும் சிறந்தது என்பது என் கருத்து. நலமாக நடந்துவரும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் பூங்காக்களுக்கும் அரங்கங்களுக்கும் இயந்திரம் பொருந்தும்.

இயந்திரத்திற்குத் தெரியாதது

எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டினாலும், தவறான ஆளின் கையில் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? அதன்பின் வரும் ஒவ்வொரு கருவியும் அத்தவற்றை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். மருந்தகம், இரத்த வங்கி, அறுவைச் சிகிச்சை அறை என எல்லா இடத்திலும் பச்சை விளக்கு எரியும். கையெழுத்துப் புரியாத பழைய பட்டையைக் கண்டால் தாதிக்கு ஐயமாவது எழும். ஒருமுறைக்கு இருமுறை கேட்பார். பச்சை விளக்கு அந்த ஐயத்தையும் அணைத்துவிடுகிறது. தொழில்நுட்பம் தரும் துணிவே இங்கு ஆபத்தாகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2005-இல் வெளியான ஒரு சம்பவம் இதற்குச் சான்று. தாதி ஒருவர் இரண்டு மருத்துவமனைகளில் பணியாற்றி வந்தார். ஒன்றில் மஞ்சள் பட்டைக்கு 'இக்கையில் ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோ வேண்டாம்' என்று பொருள். மற்றதில் அதே மஞ்சளுக்கு 'இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம்' என்று பொருள். பழக்கத்தில் அவர் மஞ்சள் பட்டையைக் கட்டிவிட, நோயாளியின் இதயத் துடிப்பு நின்றபோது அவரைக் காப்பாற்றும் முயற்சி தடைப்படும் நிலை வந்தது. நல்வேளையாகத் தவறு உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது. பட்டை கெட்டுப்போகவில்லை, கட்டியபோது இருந்த புரிதல்தான் பிழை.

வணிக நிறுவனங்களும் இக்குறையை அறிந்தே இருக்கின்றன. வால்ட் டிஸ்னி வோர்ல்ட் பூங்கா 2013-இல் ஃபுளோரிடாவில் 'மேஜிக்பேண்ட்' என்ற மின்னியல் பட்டையை அறிமுகப்படுத்தியது. நுழைவுச்சீட்டு, விடுதி அறைச் சாவி, பணப்பை ஆகிய மூன்றின் வேலையையும் அது ஒன்றே செய்தது. அதைக் கடிகாரம் போல எளிதில் கழற்றிவிடலாம். கழற்றக்கூடிய பட்டையை இன்னொருவரிடம் கொடுத்துவிடலாமே! ஆகவே பூங்காவின் நுழைவாயிலில் பட்டையோடு விரலையும் வைக்கச் சொன்னார்கள். பூட்டு செய்யாத வேலையை விரல் செய்தது.

சில்லையே நகலெடுக்கும் ஆபத்தும் உண்டு. உலகில் மிகப் பரவலாக இருந்த மைஃபேர் கிளாசிக் என்ற சில்லின் இரகசியக் குறியீட்டு முறையை 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர். அதன்பின் உறுதியான குறியீட்டு முறை கொண்ட சில்லுகள் வந்தன. பட்டை உறுதியாகப் பூட்டப்பட்டிருந்தாலும் அதன் எண் திருடப்படலாம் என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

யார் கட்டுவது, யார் அவிழ்ப்பது?

நம் திருவிழாக்களில் காப்புக் கட்டும் வழக்கம் உண்டு. காப்புக் கட்டிக்கொண்டவர் விரதத்திற்குக் கட்டுப்பட்டவர். திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள். நாள் முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவார்கள். கட்டுபவர் யார், எதற்காகக் கட்டுகிறார், எப்போது அவிழ்ப்பார் என்பது மூன்றும் கட்டிக்கொள்பவருக்குத் தெரியும். அவரே விரும்பிக் கையை நீட்டுகிறார். மின்னியல் பட்டைகளையும் இந்த மூன்று கேள்விகளால் எடைபோடலாம்.

1983-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜாக் லவ் என்ற நீதிபதி, சிறைக்கு மாற்றாகக் குற்றவாளியின் கணுக்காலில் மின்னியல் கருவியைக் கட்டும் முறையைத் தொடங்கி வைத்தார். ஸ்பைடர்மேன் படக்கதையில் வந்த ஒரு கருவிதான் அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. இத்தகைய கருவிகளின் வாரில் மின்கடத்தும் இழை ஓடும். வாரை வெட்டினால் மின்சுற்று அறுந்து எச்சரிக்கை செல்லும். மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் மின்னியல் கண்காணிப்புக் கருவியைப் பொருத்துவதற்கு இடமளிக்கிறது.

நோய்த்தொற்றுக் காலங்களிலும் பட்டை கண்காணிக்கும் கருவியாயிற்று. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது, சிங்கப்பூரில் வீட்டுத் தனிமை உத்தரவை மீறியவர்களுக்கு மின்னியல் பட்டை கட்டப்பட்டது. 2020 மார்ச்சில் ஹாங்காங், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பட்டை கட்டி, அதைக் கைத்தொலைபேசிச் செயலியோடு இணைத்தது. 2020 ஆகஸ்டில் சிங்கப்பூர், தங்கள் வீட்டில் தனிமையில் இருக்கும் பயணிகளுக்கு மின்னியல் கண்காணிப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது; 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு விலக்களித்தது. நம் நாட்டில் பரவலாகக் காணப்பட்ட இளஞ்சிவப்புப் பட்டை அதன் நிறத்தாலேயே வேலை செய்தது. கடையில் அதைக் கண்டவர்கள் விலகி நின்றார்கள். படமெடுத்துப் புகாரும் செய்தார்கள்.

கட்டுவதிலேயே முழுமையானது எதுவென்று பார்த்தால், அது கட்டாமலே உடலுக்குள் வைத்துவிடுவதுதான். அமெரிக்காவில் 2004 அக்டோபரில் வெரிசிப் என்ற அரிசியளவு சில்லை மனிதரின் மேற்கையில் தோலுக்கடியில் செலுத்த அனுமதி கிடைத்தது. 16 இலக்க எண்ணைக் கொண்ட அது நழுவாது, கிழியாது, பிறருக்கு மாற்றித் தரவும் முடியாது. ஆயினும் மக்கள் அதை ஏற்கவில்லை. 2010-இல் அதன் விற்பனை நின்றது. பட்டையின் பெருமை அது கட்டப்படுவதில் மட்டுமில்லை. நலமடைந்து வீட்டுக்குப் போகும் நாளில் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிடலாம் என்பதிலும் இருக்கிறது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

நாம் செய்யக்கூடியவை

அடையாளப் பட்டையைக் கட்டும் நொடிதான் முக்கியமானது என்றால், அந்நொடியில் பேசப்படும் மொழியும் முக்கியமானது. 'நீங்கள்தான் முனியம்மாவா?' என்று கேட்டால், களைப்பிலும் அச்சத்திலும் இருக்கும் ஒரு மூதாட்டி எதற்கும் தலையாட்டிவிடுவார். கேட்ட மொழி அவருக்குப் புரியாததாக இருந்தால் இன்னும் விரைவாகத் தலையாட்டுவார். ஆகவேதான் 'உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?' என்று கேட்டு, அவர் வாயாலேயே விடை வரவழைக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளில் வலியுறுத்தப்படும் நடைமுறை. தலையாட்டிப் பிழை செய்யலாம். சொந்தப் பெயரைத் தவறாகச் சொல்வது அரிது.

பாட்டி, தாத்தாவோடு மருத்துவமனைக்குச் செல்லும் நாம் மூன்று காரியங்களைச் செய்யலாம். பட்டையில் உள்ள பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கட்டுவதற்கு முன்பே படித்துப் பார்க்கலாம். பூட்டிய பின் மாற்றுவது கடினம். பட்டை நனைந்தோ கிழிந்தோ போனால் உடனே தாதியிடம் சொல்லி வேறு பட்டை கேட்கலாம். பட்டை எதற்காக என்பதைப் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். புரியாத பட்டையை அவர்கள் குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டால் அது அவர்களின் பிழையன்று. சொல்லாத நம் பிழை.

சுயசேவை இயந்திரங்கள் பெருகும் காலம் இது. அவற்றின் திரையில் எந்தெந்த மொழிகள் இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்கிறார். 'கையை உள்ளே நீட்டுங்கள்', 'அசைக்காதீர்கள்', 'வலித்தால் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்' என்ற மூன்று வரிகள் தமிழில் இருந்தால் ஒரு மூதாட்டி பிறர் துணையின்றித் தம் அடையாளத்தைத் தாமே பெற்றுக்கொள்வார். பொறியியல், தாதிமை, கணினியியல், மொழியியல் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒன்றுகூடினால் அந்த மூன்று வரிகளை எழுதித் தர முடியாதா என்ன? தமிழை வளர்ப்பதென்பது மேடையில் பேசுவது மட்டுமன்று. தமிழ் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் அதைக் கொண்டுபோய் வைப்பதும்தான்.